கிணற்று வீட்டுப் பாண்

என் தங்கை பிளோறன்ஸை அடக்கம் செய்த வெள்ளிக்கிழமை காலை, கிறாயன்ஸ்ரைன் கிணற்று வீட்டில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளுடைய கணவர் சூசைதாசன். மகன் அன்ரன். மகள் யூலியா. என் மகன் பென்ஜமின். இராயப்பு என்னும் நான். பெட்டியைக் கொண்டுவந்த வண்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்றார். பெட்டிக்குள் பிளோறன்ஸ். வேறு எவரும் இல்லை. அங்கே சண்டை நடந்தது, பொலிஸ் வந்தது என்று நான் குடியிருக்கும் கெல்சென்கிர்ச்சனில் கதைக்கிறவர்கள் ஒருவரும் அன்று அந்த மலையில் இருக்கவில்லை.

கிறாயன்ஸ்ரைன் ஜெர்மனியில் ஒரு மலைமுகட்டில் இருக்கும் ஊர். எண்ணூறு வருடங்களுக்கு முன் ஒரு பிரபு கட்டிய கோட்டையைச் சுற்றி வளர்ந்தது. கோட்டை இடிந்துவிட்டது. மதில் நிற்கிறது, இரண்டு வாசல்களும் இருபத்துமூன்று கல்வீடுகளும் நிற்கின்றன. ஆட்கள்தான் இல்லை. குளிர்காலத்தில் ஏழு வீடுகளில் மட்டும் புகை எழும். மற்றவை நகரத்தாரின் விடுமுறை வீடுகள். நவம்பரில் பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி நிறைந்து கிடக்க, ஊர் மட்டும் மேலே தனியாக நிற்கும். மணிக்கோபுரத்துக் காகங்களைத் தவிர வேறு சத்தம் இராது. முதல் தடவை போனபோது தங்கையிடம் கேட்டேன்:

"இஞ்சை மனுசர் இருக்கிறவையோ, இல்லாட்டி நீங்கள் ரெண்டு பேரும்தானோ?"

"பூனையளும் இருக்கு அண்ணை," என்றாள்.

அந்த மதில்தான் சூசைதாசனுக்குச் சோறு போட்டது. அகதியாக வந்த இரண்டாம் வருடம், மதில் திருத்துகிற மேசனிடம் கல் சுமக்கப் போனார். பழைய மதிலுக்குச் சீமெந்து வைக்கக்கூடாது. சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. உறைபனியில் கல் பிளந்துபோகும். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு குழைத்து, கல் இடுக்குகளில் அழுத்தி, காயும்வரை ஈரச்சாக்குப் போட்டு மூட வேண்டும். முதல் உறைபனிக்கு முன் வேலை முடிய வேண்டும். ஐந்து வருடத்தில் சூசைதாசன் கல் சுமப்பவரிலிருந்து கல் வைப்பவர் ஆனார். சுண்ணாம்பு தின்ற விரல்களில் பிளோறன்ஸ் இரவில் தேங்காய் எண்ணெய் பூசிவிடுவாள். அவளுக்கு மலையடி நகரத்தில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அதிகாலை ஐந்தரைக்குக் கைவிளக்கோடு படியிறங்கிப் போவாள். பனியில் இரண்டு தரம் விழுந்து கை முறிந்தும் ஊரை மாற்றவில்லை.

அவர்கள் குடியிருந்தது கிணற்றை ஒட்டிய வீடு. பாறையை வெட்டித் தோண்டிய அந்தக் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டால், சத்தம் வருவதற்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' பாதி சொல்லலாம். அந்த ஊரில் ஆளைக் குடும்பப் பெயரால் கூப்பிடுவதில்லை. வீட்டின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். சூசைதாசன் 'கிணற்றுத் தாசன்'. என் தங்கை 'கிணற்றுப் புளோரா'. எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஐயா மன்னார் பேசாலையில் கோயில் மூப்பராக இருந்தவர். திருநாள் கொடி அவர் கையால் ஏறியது.

"அப்பன் ஆத்தை வைச்ச பேர் இருக்க, கிணறு என்ன கிணறு?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டு மனுசிக்குப் பன்றிக்கொட்டில் எண்டு பேர் அண்ணை. நான் தப்பினன்," என்று சிரித்தாள்.

ஊர் பாறையின் மேல் இருப்பதால் மேலே குழி வெட்ட முடியாது. சேமக்காலை மலையடியில் இருக்கிறது. வண்டிப்பாதை பின்பக்கமாகச் சுற்றி வருகிறது. ஆனால் இறந்தவரை வண்டியில் இறக்குவதில்லை. வீட்டிலிருந்து கீழ்வாசல் வழியாக நூற்றறுபத்துநான்கு படிகள், ஆறு பேரின் தோளில். தோள் கொடுப்பவர்கள் அயல் வீட்டார். படிகளின் நடுவில் ஒரு தட்டைக்கல் இருக்கிறது. அதில் பெட்டியை இறக்கி வைத்ததும், அந்த வீட்டுக்கு முதல் அயலார் என்று முறையுள்ளவர் இறந்தவரின் வீட்டுப் பெயரை உரக்கச் சொல்லுவார். பிறகு ஊரின் சாவுப் புத்தகத்தில் எழுதுவார்கள்: யார், எந்த வீடு, யார் சுமந்தார்கள். முதல் வரி முந்நூற்றெழுபது வருடங்களுக்கு முந்தியது. சூசைதாசனின் பெயர் அதில் பத்தொன்பது இடத்தில் இருக்கிறது. அதை அவர் எனக்கு ஒரு தரம் பெருமையாகச் சொன்னார்.

"பிணம் தூக்கிறதும் ஒரு பெருமையோ மச்சான்?" என்றேன்.



பிளோறன்ஸ் திங்கட்கிழமை நகர ஆஸ்பத்திரியில் இறந்தாள். இருதயம். செவ்வாய் காலை கெல்சென்கிர்ச்சனிலிருந்து நான் தொலைபேசி எடுத்தேன்.

"மச்சான், பெட்டியை இஞ்சை கொண்டு வாங்கோ. முந்நூறு சனம் வரும். சுவாமியைக் கேட்டிட்டன். தமிழிலை பூசை."

"அவ கேட்டது இஞ்சை, மச்சான்."

"ஆர் இருக்கினம் உங்கை? அஞ்சாறு கிழடுகள்."

"'பின்பக்கத்தாலை என்னை வண்டியிலை இறக்காதேங்கோ. நீங்கள் எத்தினை பேரைத் தூக்கினியள், என்னையும் அவை தூக்கட்டும்' எண்டவ. மூண்டு தரம் சொன்னவ."

"அவை தூக்காட்டி?"

"தூக்குவினம்."

"போய்க் கேட்டனீங்களோ?"

"கேக்கிறேல்லை மச்சான். அவையாத்தான் வரவேணும். அதுதான் இஞ்சத்தை முறை."

"உது நல்ல முறை! ஒருத்தரும் வராட்டி வெக்கம் ஆருக்கு? எங்களுக்குத்தானே?"

"நான் முப்பத்தாறு வருசம் இந்த ஊரிலை இருக்கிறன்," என்றார். குரல் உயரவில்லை. "வருவினம்."

அதற்கு மேல் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என் பங்கை விடவும் மனம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. முதல் சாப்பாடு இறந்தவளின் பிறந்த வீட்டார் கொடுக்க வேண்டும். சகோதரன் உயிரோடு இருக்க, வேற்றார் கையால் அந்த வீட்டில் முதல் வாய் உண்டால், அவள் ஆளில்லாமல் போனவள் என்று ஆகிவிடும். எனவே வியாழக்கிழமை சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் சமைப்பித்து, சட்டிகளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, பென்ஜமினோடு காரில் போனேன். மலை ஏறும்போது மூடுபனியில் முன்னால் பத்தடி தெரியவில்லை. முகட்டில் திடீரென்று வெளித்தது. மதிலும் கோபுரமும் காகங்களும் தெரிந்தன. தெருவில் ஓர் ஆள் இல்லை.

வீட்டில் யூலியா மட்டும் இருந்தாள். தாய்க்கு உடுத்த நீலச் சேலையை எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாவும் அண்ணாவும் பதிவுக் கந்தோருக்குப் போட்டினம் மாமா. ரெண்டு மணிக்கு வரச் சொல்லி ரேர்மின் குடுத்தவை. பேந்து பாதரிட்டைப் போகினம். நான் அம்மாக்குச் சேலை கட்டிவிடப் போறன். ஆஸ்பத்திரியிலை இருக்கிறவைக்குக் கட்டத் தெரியாது."

"தனியப் போறியோ?"

"எனக்குப் பயமில்லை மாமா. நான் நேர்ஸ்தானே," என்றாள். பிறகு சேலையின் மடிப்பை இரண்டு தரம் பிரித்து மடித்தாள். "கொசுவம் எப்பிடி வைக்கிறதெண்டுதான்... அம்மாதான் எனக்கு எப்பவும் கட்டிவிடுறவ."

அவளை இறக்கிவிடப் பென்ஜமின் காரோடு போனான். நான் தனியே சட்டிகளை மேசையில் வைத்துவிட்டு இருந்தேன். சமையலறை யன்னலில் பிளோறன்ஸின் கறிவேப்பிலைக் கன்று ஒரு பழைய பெயின்ற் வாளியில் நின்றது. மூன்று நாளாக ஒருவரும் தண்ணீர் விடவில்லை. நான் விட்டேன்.

மூன்று மணியளவில் கதவு தட்டினார்கள். திறந்தேன். எண்பத்தைந்து வயதுக்குக் குறையாத ஒரு ஜெர்மன்காரி, கறுப்பு மேலங்கியோடு, கோல் இல்லாமல் நிமிர்ந்து நின்றார். கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பாண். மாவில் சுட்ட, பெரிய, கறுத்த, வட்டப் பாண்.

"தாசன் இருக்கிறாரா?"

"இல்லை. நான் அவளுடைய அண்ணன். மூத்தவன்."

என் கையைப் பிடித்துத் துக்கம் சொன்னார். பிறகு பாணை நீட்டினார்.

"இது வீட்டுக்கு."

என் ஜெர்மன் முப்பது வருடத் தொழிற்சாலை ஜெர்மன். அழகில்லை என்றாலும் பிழையில்லை. அவர் சொன்னது எல்லாம் எனக்கு விளங்கியது. மேசையில் என் சட்டிகள் இன்னும் திறபடவில்லை. வாசலைத் தாண்டாமல், ஏழைக்குக் கொடுப்பதுபோல் வெளியே நின்று ஒரு பாணை நீட்டுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

"நன்றி. எங்களிடம் சாப்பாடு இருக்கிறது," என்றேன்.

"இது சாப்பாட்டுக்கு அல்ல. வீட்டுக்கு."

"வேண்டாம். அவள் எங்கள் பிள்ளை. செய்ய வேண்டியதை நாங்களே செய்வோம்."

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"நீங்களேவா?"

"நாங்களே."

"நல்லது. உங்கள் விருப்பம்," என்று தலை தாழ்த்தினார். பாணைத் துணியால் மூடிக்கொண்டு திரும்பிப் போனார். கல் பாவிய தெருவில் அவர் சப்பாத்துச் சத்தம் நெடுநேரம் கேட்டது. நல்ல காரியம் செய்ததாகவே நினைத்துக் கதவைச் சாத்தினேன்.

ஆறு மணிக்கு எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். சூசைதாசன் மேலங்கியைக் கழற்றுமுன் மேசையைப் பார்த்தார். யன்னல் விளிம்பைப் பார்த்தார்.

"ஆரும் வந்தவையோ மச்சான்?"

"உள்ளை ஒருத்தரும் வரேல்லை," என்றேன்.

அது உண்மை. ஒருவரும் உள்ளே வரவில்லை. பெண்சாதியைப் பறிகொடுத்த மனிதனிடம் அயலார் பிச்சை கொண்டு வந்த கதையை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

சோறு பரிமாறினேன். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். சூசைதாசன் கையைச் சோற்றில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தார்.

"சாப்பிடுங்கோ மச்சான். பிறந்த வீட்டுச் சோறு."

"ஓம், ஓம்," என்றார். நாலு வாய் உண்டார். பிறகு எழுந்துபோய் முன்கதவைத் திறந்து வைத்தார். குளிர் உள்ளே அடித்தது.

"அப்பா, சாத்துங்கோ. எல்லாரும் விறைக்கிறம்," என்றான் அன்ரன்.

"கொஞ்சம் இருக்கட்டும்."

வெள்ளி காலை ஒன்பதரைக்குப் பெட்டி வந்தது. பாதிரியார் கீழே சேமக்காலையில் நிற்பார். பத்து மணிக்கு மணி அடிக்கும்; அப்போது சுமப்பவர்கள் வாசலுக்கு வருவார்கள். சூசைதாசன் முகம் வழித்து, வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கோட்டும் போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். மணி அடித்தது. நின்றது. ஒருவரும் வரவில்லை.

யன்னலால் பார்த்தேன். தெருவின் மற்ற ஆறு வீட்டுக் கதவுகளும் திறந்திருந்தன. ஒவ்வொரு வாசலிலும் கறுப்பு உடுப்போடு ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் படி இறங்கவில்லை.

"பாத்தியளோ உங்கடை ஊரை!" என்றேன். "வாசல்லை நிண்டு விடுப்புப் பாக்குதுகள். முப்பத்தாறு வருசமாம்!"

"மாமா, காணும்," என்றாள் யூலியா.

சூசைதாசன் யன்னலுக்கு வந்து பார்த்தார். கோபம் அவர் முகத்தில் இல்லை. கணக்குப் பிழைத்த பிள்ளையின் முகம் போல் இருந்தது.

"தொப்பி கழட்டிப்போட்டு நிக்கினம்," என்றார் மெதுவாக. "அப்பிடியெண்டால்..." பெட்டியின் முன்பக்கம் போய் நின்றார். "அன்ரன், மற்றப் பக்கம் வா. தூக்குவம்."

ஆறு தோள் வேண்டும். சூசைதாசன், அன்ரன், பென்ஜமின், நான். ஐந்தாவதாக வண்டிக்காரர் வந்தார். ஆறாவது இடத்துக்கு யூலியா வந்து நின்றாள்.

"பொம்பிளைப் பிள்ளை பெட்டி தூக்கிறதோ?" என்றேன்.

"அப்ப நீங்கள் ரெண்டு பக்கமும் தூக்குங்கோ மாமா," என்றாள்.

தூக்கினோம். தெருவால் போகும்போது ஒவ்வொரு வாசலிலும் தலைகள் தாழ்ந்தன. கீழ்வாசலைத் தாண்டியதும் மூடுபனிக்குள் இறங்கினோம். படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. ஈர இலை வழுக்கியது. சூசைதாசனுக்கு ஒவ்வொரு படியும் தெரிந்திருந்தது. "இதிலை இடக்கால் முதலிலை... இனி உயரப் படி... நில்லுங்கோ," என்று சொல்லிக்கொண்டு வந்தார். தட்டைக்கல்லில் இறக்கி வைத்தோம். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். வீட்டுப் பெயரைச் சொல்ல அயலார் இல்லை. சூசைதாசன் சிறிது நேரம் காத்திருந்தார். எதற்கென்று தெரியவில்லை. பிறகு தானே, மூடுபனியைப் பார்த்து, ஜெர்மனில் சொன்னார்:

"கிணறு."

அடக்கம் முடிந்தது. பிள்ளைகளை மேலே வண்டிப்பாதையால் அனுப்பிவிட்டு அவர் படியேறித்தான் வந்தார். சமையலறையில் நான் மட்டும் இருந்தேன். கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"மச்சான், நேற்று ஆரும் பாண் கொண்டு வந்தவையோ?"

"ஓம். ஒரு கிழவி."

"எங்கை அது?"

"திருப்பி அனுப்பிப்போட்டன்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்லி அனுப்பினியள்?"

"எங்கடை பிள்ளை, நாங்களே செய்வம் எண்டு."

அவர் குழாயை மூடினார். கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். அதன் கைபிடியை மற்றக் கோப்பைகளின் பக்கம் ஒழுங்காகத் திருப்பினார்.

"அந்தப் பாணை வாங்கினால் தூக்கிற ஆறு பேரையும் வாங்கினது மாதிரி," என்றார். "வாங்காட்டி, அந்த வீடு தன்ரை ஆளைத் தானே தூக்குது எண்டு அர்த்தம். பேந்து அவை கிட்ட வரக்கூடாது. வாசல்லை நிக்கலாம். அவ்வளவுதான்."

"எனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் சொல்லியிருக்க வேணும்." கையைத் துடைத்தார். "நீங்கள் கதவு திறப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை மச்சான்."

அவர் என்னை ஏசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை காலை அந்த அம்மாவிடம் போனேன். பெயர் ஹெட்விக். வீடு கொல்லன் வீடு. மேசையில் அதே பாண், துணியோடு, வெட்டாமல் இருந்தது. அடக்கத்துக்குப் பிறகு எட்டு நாள் அதை வெட்டக்கூடாதாம்.

"நான் அதைப் பிச்சை என்று நினைத்தேன்," என்றேன். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"பிச்சையா? அதைத் தட்டிப் பாருங்கள். இதைப் பிச்சையாகக் கொடுத்தால் பிச்சைக்காரன் என் யன்னலை அதாலேயே உடைப்பான்." சிரிக்காமல்தான் சொன்னார். "கதவைத் திறந்தவர் வீட்டின் மூத்தவர். நாங்களே என்றார். நான் இரண்டாம் தரமும் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்பது மரியாதை அல்ல."

"ஆறு பேர் இருந்தார்களா?"

"இருந்தார்கள். தச்சன் வீட்டுக் கார்ல் முதுகுக்கு ஊசி போட்டுக்கொண்டு நின்றான். அவன் தாயைத் தூக்கியது தாசன். வாசல் வீட்டுப் பையன் ஹம்பேர்க்கிலிருந்து வந்தான். அவனுக்கு ஐம்பது வயது; நாங்கள் இன்னும் பையன் என்கிறோம். ஆறு பேரை இங்கே சேர்ப்பது இப்போது இலேசு அல்ல."

தன் பொறுப்பில் இருந்த அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். கடைசி வரி அவருடைய நடுங்கும் கையெழுத்தில் இருந்தது: 'கிணற்றுப் புளோரா. தன் வீட்டார் சுமந்தனர்.' அந்தச் சொற்கள் புத்தகத்தில் அதற்கு முன் மூன்று தரம்தான் இருந்தன. மூன்றும் ஊரோடு பகைத்த வீடுகள்.

"மாற்றி எழுதலாமா? பிழை என்னுடையது. அவளுடையது அல்ல."

"இதில் எதையும் அழித்தது இல்லை," என்றார். "கோப்பி குடிக்கிறீர்களா?"

குடிக்காமல் வந்தேன்.

அதன் பிறகு தகப்பனைத் தான் இருக்கும் பீலெஃபெல்ட் நகரத்துக்குக் கூட்டிப்போக அன்ரன் கேட்டான். யூலியா அழுதும் பார்த்தாள். அவர் அசையவில்லை. தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நூற்றறுபத்துநான்கு படி இறங்கிப் போய் வருகிறார்.

போன மார்கழியில் ஹெட்விக் அம்மா இறந்தார். முதல் அயலார் என்று பாணைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் சூசைதாசன். ஐந்து பேர்தான் கிடைத்தார்களாம். ஆறாவதாக யூலியா வந்தாளாம். தட்டைக்கல்லில் 'கொல்லன் வீடு' என்று சொன்னதும் அவர்தான். புத்தகம் இப்போது கிணற்று வீட்டில் இருக்கிறது. நான் தொலைபேசியில் கேட்டேன்:

"இப்ப உங்கடை கையிலைதானே மச்சான். அந்த ஒரு வரியை மாத்தினால் ஆர் கேக்கப் போகினம்?"

"என்னத்தை மாத்திறது? நடந்தது அதுதானே."

அங்கே காகம் கத்தியது எனக்குக் கேட்டது.

"கறிவேப்பிலை நிக்குதோ?" என்றேன்.

"நிக்குது," என்றார்.

கெல்சென்கிர்ச்சனில் பூசை முடிந்து வெளியே நின்று கோப்பி குடிக்கும்போது, பதினான்கு மாதமாக ஒரு கதை நடக்கிறது. அந்த மலையூர் வெள்ளைக்காரர் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெட்டியைத் தொட மறுத்துவிட்டார்கள் என்று. பலர் என் கையைப் பிடித்து இரக்கப்பட்டிருக்கிறார்கள். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இல்லை. அவர்கள் மறுக்கவில்லை. பாண் கொண்டு வந்தார்கள். அதைத் திருப்பி அனுப்பியவன் நான்.